பக்கவாத்தியமாக ஒரு யுகுலேலே: வடசென்னையில் இசையோடு பயணம் செய்யும் முறை

சிறு கிட்டாரைப் போன்ற, நான்கு தந்திகள் கொண்ட யுகுலேலேயைத் தோளில் மாட்டிக்கொண்டு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சுற்ற விரும்புபவர், புறப்படுவதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தாம் வாசிப்பதைப் பிறர் கேட்க வேண்டுமா, பிறர் பாடும்போது தாம் வாசிக்க வேண்டுமா என்பதே அது. இரண்டுமே நல்ல விருப்பங்கள்தாம். ஆனால் வடசென்னை ஏற்கெனவே பாட்டு நிறைந்த ஊர். கானா, பறை, தேவாலயப் பாடகர் குழு, கோயில் நாகசுரம், ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் முழங்கும் பம்பை, உடுக்கை எல்லாம் அடுத்தடுத்த தெருக்களிலேயே ஒலிக்கும். இங்கே கேட்பவரைத் தேடி வருகிறவரைவிடப் பாடுபவரைத் தேடி வருகிறவருக்கே கதவு விரைவில் திறக்கிறது. எனவே யுகுலேலேயைப் பக்கவாத்தியமாகக் கொண்டு செல்லுங்கள் என்பதே என் முதன்மையான பரிந்துரை; கீழே சொல்லப்படும் எல்லாமும் அந்த நோக்கத்தில்தான் சொல்லப்படுகின்றன.

அயல்நாட்டுக் கருவியோடு போய் நின்றால் அந்நியமாகத் தோன்றுமோ என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். யுகுலேலே துறைமுகத்தில் பிறந்த கருவி. போர்ச்சுகலுக்கு உரிய மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் குடியேறியவர்களை ஏற்றிக்கொண்டு 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலுவை அடைந்தது. அதில் வந்த மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்கள், தம் தீவின் சிறு தந்திக் கருவியை ஹவாயில் கிடைத்த மரத்தில் செய்யத் தொடங்கியதிலிருந்தே யுகுலேலே உருவாயிற்று. அயல்கருவியை ஏற்றுக்கொள்வது வடசென்னைக்கும் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் செல்வந்தர் ஒருவரின் ஆதரவில் மணலியில் தங்கியிருந்த காலத்தில், அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரோ, கம்பெனி ஆட்சியின் பேண்டு வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். சுமார் நாற்பது வரும் அந்த நோட்டுஸ்வரங்கள் சங்கராபரண ராகத்தில் அமைந்தவை. யுகுலேலே கற்கும் எவரும் முதலில் பழகும் சி மேஜர் ஸ்கேலும் அதே சுரங்களைக் கொண்டது. ஆகவே சி, எஃப், ஜி7 என்ற மூன்று கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) மட்டும் அறிந்தவர்கூட ஒரு நோட்டுஸ்வரத்துக்குத் துணையாக வாசித்துவிடலாம். திருவொற்றியூரில் பாட்டு கற்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போக வாய்த்தால், அவர்களோடு சேர்ந்து தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

சோப்ரானோ சுமார் 53 சென்டிமீட்டர், கான்செர்ட் 58, டெனர் 66, பாரிடோன் 76 என யுகுலேலே நான்கு அளவுகளில் கிடைக்கிறது. பாரிடோனுக்குச் சுருதி அமைப்பே வேறு என்பதால் அதை விட்டுவிடலாம். சோப்ரானோ பையில் எளிதாக அடங்கும். ஆனால் அதன் ஒலி, போக்குவரத்து இரைச்சலுள்ள சூரியநாராயணா சாலை போன்ற இடங்களில் இரண்டடி தள்ளி நிற்பவருக்கே கேட்காது. டெனரின் ஒலி நிறைவானது, ஆனால் நெரிசலான மின்சார ரயிலில் அதைக் காப்பது கடினம். பயணத்துக்கும் தெருவுக்கும் நடுவில் நிற்பது கான்செர்ட் அளவுதான். விமானத்தில் வருபவர்கள் மட்டும் சோப்ரானோவைப் பற்றி யோசிக்கலாம். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக விதிக்கப்படும் 55 சென்டிமீட்டர் நீள வரம்புக்குள் அடங்குவது அது ஒன்றே.

மரத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. விலையுயர்ந்த முழுமரக் கருவியை வீட்டில் வைத்துவிட்டு, ஒட்டுப்பலகையில் செய்த கருவியை எடுத்துச் செல்லுங்கள். முழுமரக் கருவிகளுக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை. சென்னைக் கடற்கரையில் அது பெரும்பாலான நாள்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். ஈரத்தை உறிஞ்சிய மேற்பலகை உப்பினால் தந்திகள் உயர்ந்து, விரல் அழுத்தமும் சுருதியும் கெடும். ஒட்டுப்பலகை அவ்வளவாக அசையாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: உடைந்துவிடுமோ என்று அஞ்சும் கருவியை நாம் பிறர் கையில் கொடுக்கமாட்டோம். கொடுக்க முடியாத கருவியால் யாரோடும் நெருங்க முடியாது.

காசிமேட்டிலும் எண்ணூரிலும் உப்புக்காற்று இருந்துகொண்டே இருக்கும். நைலான் தந்தியோ ஃபுளூரோகார்பன் தந்தியோ துருப்பிடிக்காது என்பது எஃகுத் தந்திக் கிட்டாருக்கு இல்லாத வசதி. ஆனால் முறுக்காணிகளின் திருகுகள் துருப்பிடிக்கும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகள் மங்கும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தி, ஃபிரெட், முறுக்காணி மூன்றையும் துடைத்த பிறகே பையில் வைக்க வேண்டும். வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் நிறுத்திவைத்த காருக்குள்ளோ இருசக்கர வண்டியின் மேலோ கருவியை விட்டுச் சென்றால், பசை இளகித் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடக்கூடும். புதுத் தந்திகளைப் பயணத்தின் முதல் நாளில் மாட்டாதீர்கள்; அவை நீண்டு அடங்கச் சில நாள்கள் ஆகும், அதுவரை பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கிக்கொண்டேயிருக்கும். கருவி, தலைப்பகுதியில் கவ்வும் டியூனர், கழுத்தைக் கவ்வித் தந்திகளின் சுருதியை உயர்த்தும் கேப்போ, துணி, ஒரு செட் மாற்றுத் தந்தி, தண்ணீர் ஆகியவை போதும்.

போக்குவரத்து

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் கருவியோடு போவது எளிதாகிவிட்டது. எண்ணூருக்கும் அதற்கு அப்பாலும் செல்ல கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயிலே வழி. காலையில் நகரை நோக்கியும் மாலையில் நகரிலிருந்து வெளியேயும் கூட்டம் நெருக்கும் என்பதால், எதிர்த்திசையிலோ முற்பகல் 11 மணிக்குப் பிறகோ பயணம் செய்வது நல்லது. பையை முதுகில் மாட்டாமல் மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஓடும் ரயிலில் வாசிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் ரயிலில் காசு கேட்பதையும் பிற பயணிகளுக்குத் தொல்லை தருவதையும் அனுமதிப்பதில்லை. சட்டத்தை விட்டுவிட்டாலும், பாடிப் பிழைக்கும் பார்வையற்ற கலைஞர்கள் ஏறும் பெட்டியில் பொழுதுபோக்காக வாசிப்பவர் அவர்களுக்கு இடைஞ்சலாகவே இருப்பார். அவர்கள் பாடும்போது கருவி பைக்குள் இருக்கட்டும்.

சுருதியைப் பிடித்தல்

பக்கவாத்தியம் வாசிக்க வந்தவருக்கு வேண்டிய முதல் திறமை, முன்னறிவிப்பின்றித் தொடங்கும் குரலின் சுருதியைக் கண்டுகொள்வது. தெருவில் யாரும் எத்தனை கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) என்று சொல்லிவிட்டுப் பாடுவதில்லை. பாடுபவர் ஒரு வரியை முடித்து இளைப்பாறும் சுரம் எதுவோ, பெரும்பாலும் அதுவே ஆதார சட்ஜமாக, அதாவது பாட்டின் அடிப்படைச் சுரமாக இருக்கும். அதை மனதுக்குள் முனகிக்கொண்டே, மேலிருந்து இரண்டாவதான சி தந்தியில் ஒவ்வொரு ஃபிரெட்டாக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். திறந்த தந்தி ஒரு கட்டை, இரண்டாம் ஃபிரெட் இரண்டு கட்டை, நான்காம் ஃபிரெட் மூன்று, ஐந்தாம் ஃபிரெட் நான்கு, ஏழாம் ஃபிரெட் ஐந்து கட்டை.

கண்டுபிடித்தவுடன் கார்டுகளைத் தேடி ஓடக் கூடாது. நம் நாட்டார் மெட்டுகளும் கானாவும் கார்டு மாற்றத்தை எதிர்பார்த்துப் பிறந்தவை அல்ல. தவறான இடத்தில் விழும் மேஜர் கார்டு மெட்டின் நிறத்தையே கெடுத்துவிடும். இதற்கு ஒரு பாதுகாப்பான வழி உண்டு. வழக்கமான ஜி-சி-ஈ-ஏ அமைப்பில், ஈ தந்தியையும் ஏ தந்தியையும் மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தி, மற்ற இரண்டையும் திறந்து விடுங்கள், அதாவது 0-0-3-3. அப்போது ஒலிப்பவை ஒரு கட்டைச் சுருதியின் பஞ்சமமும் சட்ஜமும் மட்டுமே. காந்தாரம் இல்லாததால் எந்த ராகச் சாயலுள்ள பாட்டுக்கும் இது தம்பூராவைப் போலப் பொருந்தி நிற்கும். கேப்போவை இரண்டாம் ஃபிரெட்டில் வைத்து அதே வடிவத்தைப் பிடித்தால் இரண்டு கட்டை; ஐந்தாம் ஃபிரெட்டில் வைத்தால் நான்கு கட்டை. பெண்களும் பிள்ளைகளும் பாடும்போது பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டியே வரும். அதற்கு 0-2-3-5 என்று பிடித்தால் சட்ஜம், பஞ்சமம், மறுபடி சட்ஜம், பஞ்சமம் என்று கிடைக்கும். இந்த இரண்டு வடிவங்களும் ஒரு கேப்போவும் இருந்தால், முன்பின் கேட்டிராத பாட்டுக்கும் கூச்சமின்றி உட்கார்ந்துவிடலாம்.

இன்னொரு அழகும் இந்தக் கருவியில் தானாகவே அமைந்திருக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் அதன் நான்கு திறந்த தந்திகளும் முறையே பஞ்சமம், சட்ஜம், அந்தர காந்தாரம், சதுசுருதி தைவதம் ஆகின்றன. மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் நான்கு இவை. சி தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் ரிஷபத்தையும் சேர்த்துக்கொண்டால் மோகனம் முழுதும் கைக்கு வந்துவிடும். மோகனச் சாயலில் தாலாட்டோ பக்திப் பாடலோ பாடும் ஒருவரை நிச்சயம் சந்திப்பீர்கள். அன்றைக்கு இது உதவும்.

தாளம்

கானாவுக்கு டோலக், தபேலா, சட்டி என்னும் மேளம் ஆகியவை துணை. அவை இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் குடமும் மர பெஞ்சும் தீப்பெட்டியுமே போதுமானவை. ஆகவே அங்கே யுகுலேலே தந்திக் கருவி என்பதைவிடத் தாளக் கருவியாகவே அதிகம் பயன்படும். மீட்டிய அதே நொடியில் வலக்கையின் அடிப்பாகத்தால் தந்திகளை அடக்கினால் சுரமற்ற, வெட்டுப்பட்ட ஒரு ஓசை கிடைக்கும். இதை முதலில் பழகுங்கள். நான்கு எண்ணிக்கை கொண்ட சதுஸ்ர நடையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் இந்த வெட்டு விழட்டும். தகிட தகிட என்று துள்ளும் திஸ்ர நடையில், ஒவ்வொரு தகிடவுக்கும் கீழ், கீழ், மேல் என்று மீட்டினால் முதல் அழுத்தம் எப்போதும் கீழ்வீச்சிலேயே வரும், வேகம் கூடினாலும் கை தடுமாறாது.

கானா பாடுபவர் தாம் நினைத்த இடத்தில் வரியை நீட்டுவார், நடுவில் பேசுவார், கேட்பவர் முகத்தைப் பார்த்துப் புதிய வரியை அங்கேயே கட்டுவார். எண்ணிக்கையை மனதுக்குள் வைத்துக்கொண்டு அவரை அதற்குள் இழுக்கக் கூடாது. அவருடைய வாயைப் பாருங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். 2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியும் இசையமைப்பாளர் டென்மாவின் வழிநடத்தலும் சேர்ந்து உருவான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் நிகழ்ச்சிப் பதிவுகளைப் பயணத்துக்கு முன் கேட்டுவிட்டுச் செல்வது நல்ல தயாரிப்பு. கானாப் பாடகர்களும் பறையும் சட்டியும் முன்னிற்க, கிட்டார் எங்கே பேசுகிறது, எங்கே ஒதுங்கி நிற்கிறது என்பதை அங்கே தெளிவாகக் கேட்கலாம்.

எங்கே, எப்போது, எப்படி அணுகுவது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போகாதீர்கள் என்று சொன்னால் பலர் வியப்பார்கள். காட்சி அப்போதுதான் அழகு. ஆனால் ஏலம் நடக்கும் நேரம் அது. ஒவ்வொரு நிமிடமும் பணமாக இருக்கும் இடத்தில் கருவியோடு நிற்பவர் வழிமறிப்பவர் மட்டுமே. பிற்பகலில் வலை சீர்செய்யும் இடங்களே ஏற்றவை. அங்கே கை ஓய்வதில்லை, ஆனால் வாய் ஓய்ந்திருக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம்; படகுகள் கரையில் இருக்க, பழுதுபார்ப்பு நடக்கும். ஆள்களைச் சந்திக்க அது ஏற்ற பருவம்தான் என்றாலும், வருமானம் நின்றுபோன மாதங்களும் அவைதாம் என்பதை மறந்து, பொழுதுபோகாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது.

அணுகும் முறையில் நான் கடைப்பிடிப்பது எளிது. முதலில் கருவி பைக்குள்ளேயே இருக்கும். பக்கத்துத் தேநீர்க் கடையில் தேநீர் குடித்து, அங்கே யார் மூத்தவர் என்று பார்த்துக்கொண்டு, அவரிடம் போய், "அண்ணா, கொஞ்ச நேரம் இங்க உட்காரலாமா? வாசிக்கிற பழக்கம் உண்டு, தொந்தரவுன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று கேட்பேன். வயதான பெண்களை அம்மா என்றும், நடுவயதினரை அக்கா என்றும் அழைத்தால் போதும். வடசென்னைப் பேச்சை நகலெடுத்துப் பேச முயல வேண்டாம். அது நெருக்கத்தைக் காட்டாது, கேலியாகவே கேட்கும். உட்கார்ந்த பிறகும் உடனே பாடத் தொடங்காமல், 0-0-3-3 வடிவத்தில் மெல்ல மீட்டிக்கொண்டிருங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர், "அது இன்னாது, கிட்டாரா?" என்று கேட்பார். பெயரைச் சொல்லி, கருவியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு, "நீங்க பாடுவீங்களா?" என்று கேட்காமல், "இங்க யாரு நல்லா பாடுவாங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கூச்சமே பதிலாக வரும். இரண்டாவது கேள்விக்கு நான்கு விரல்கள் ஒரே ஆளை நோக்கி நீளும். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர் இப்படிச் சுட்டப்பட்டு, ஊசியைக் கீழே வைக்காமலேயே, ஏலேலோ என்று எடுத்து ஐலசா என்று மற்றவர்கள் ஏற்கும் பாட்டைத் தொடங்கியதைக் கேட்டிருக்கிறேன். இத்தகைய அம்பா பாட்டில் எடுப்பவர் ஒருவர், ஏற்பவர் பலர். யுகுலேலே ஏற்பவர்களோடுதான் சேர வேண்டும், எடுப்பவரின் வரியில் மீட்டாமல் இருப்பதே சிறப்பு.

டிசம்பரில் வருபவர்களுக்கு ராயபுரமும் பெரம்பூரும் பொருத்தமானவை. கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகச் செல்லும் கேரல் குழுக்களில் கிட்டார் வழக்கமாகவே இருக்கும். பெரம்பூரின் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் இசைப் பழக்கமும் அப்பகுதியில் தடம் பதித்திருக்கிறது. தேவாலயக் குழுவின் பொறுப்பாளரிடம் முன்னதாகவே பேசி, ஒரு பயிற்சிக்காவது போய் வந்த பிறகே சேர வேண்டும். அங்கே கார்டுகள் எழுதிய தாள் கையில் கிடைக்கும், ஆகவே வாசிப்பு எளிது. பாங்கு ஒலிக்கும்போதும், கோயில் ஊர்வலம் கடக்கும்போதும் வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் இசைக்கருவி வாசிப்பதை ஒலி மாசு விதிகள் தடை செய்கின்றன.

எண்ணூர் கழிமுகத்துக் குப்பங்களில் பாட்டைவிடப் பேச்சே முதலில் வரும். சாம்பல் படிந்த ஆற்றைப் பற்றியும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயைப் பற்றியும் அவர்கள் சொல்லத் தொடங்கினால், கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு முழுதாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் பின்னணியாக மீட்டுவது அவர்கள் துயரத்தை நிகழ்ச்சியாக்கிவிடும்.

சாவு வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வடசென்னையில் இறந்தவருக்காக இரவெல்லாம் கானா பாடும் வழக்கம் உண்டு. கானாவின் மிக ஆழமான பாட்டுகள் அங்கேதான் பிறக்கின்றன. அதைக் கேட்க வேண்டும் என்ற ஆசை இசை விரும்பும் எவருக்கும் வரும். ஆனால் அழைப்பின்றி அங்கே போகக் கூடாது, அழைக்கப்பட்டாலும் கருவியோடு போகக் கூடாது. பாடுபவரே பிறகு ஒரு நாள், ஒரு மாடியிலோ தேநீர்க் கடையிலோ அதே பாட்டை உங்களுக்காகப் பாடக்கூடும், அதுவரை காத்திருங்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வாழ்வையும் இழப்பையும் சொல்லிக் காத்துவந்த இந்தக் கலையைக் குத்துப் பாட்டு என்று சுருக்கிப் பேசுபவரை அந்த மக்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அப்படி அடையாளம் காண்பது நியாயமும்கூட.

பிள்ளைகள் எங்கும் சூழ்வார்கள். ஏ தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் ஒரே விரலால் அழுத்தினால் சி கார்டு வந்துவிடும் என்பதை ஒவ்வொருவருக்கும் காட்டலாம்; வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் முறையும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உரத்த குரல் கொண்ட பிள்ளையே கருவியை வைத்திருக்கும். கூச்சத்தோடு ஓரத்தில் நிற்கும் பெண் குழந்தையை மறவாமல் அழையுங்கள். ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுக்க நினைக்காமல், அவர்கள் பாடும் பாட்டுக்கே அந்த ஒரு கார்டை மீட்டச் சொல்வது விரைவில் பலன் தரும்.

கைபேசியில் பதிவு செய்ய விரும்பினால், பாட்டு தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்; பாடி முடித்த பிறகு கேட்கப்படும் அனுமதியை மறுப்பது பலருக்கு இயலாது. பதிவை வெளியிடுவதற்குத் தனியாக இன்னொரு முறை கேளுங்கள், யார் பெயரை எப்படிப் போட வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும், பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோர் அனுமதியின்றி வெளியிட வேண்டாம். பதிவின் ஒரு படியை அங்கேயே அவர்களுடைய கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். யார் எத்தனை கட்டையில் பாடினார், எந்த நடை, பாட்டின் முதல் வரி என்ன என்பதை வீடு திரும்பும் ரயிலிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அவர் சுருதியைக் கேட்காமலேயே கேப்போவை அந்த ஃபிரெட்டில் வைத்துக்கொண்டு உட்காரலாம்.